நூற்றாறு கிலோமீட்டர் வேகத்தில் போன வெள்ளைக் கார்

கோகந்த்,
அக்டோபர் 19

அன்பு மகள் பர்னோவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் தம்பி தோல்கினும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் முழங்கால் மட்டும்தான் நடமாட்டத்துக்கு ஒத்துவர மாட்டேன் என்கிறது. நீயும் அந்தக் கொரியாவின் பூசான் கடற்காற்றில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். படிப்பதற்கு முன்னால் உறையை ஒருதரம் பார்த்துவிடு. ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே என் கையெழுத்து இருக்கும், அது கோணாமல் இருந்தால் யாரும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். இதைக் கொண்டுவருகிறவன் மூலைக் கசாப்புக் கடைக்காரரின் மருமகன். தங்கமான பையன் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் குரல் மாறும், குரல் மாறினால் நான் கேள்வி கேட்பேன், கேள்வியே கேட்கமாட்டேன் என்று உன் அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

போன வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை தபால்காரர் ஒரு உறை கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு மாதிரி சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். உள்ளே பார்த்தால் அதிவேக அபராதச் சீட்டு. யாருக்கு? எனக்கு! இருபத்திரண்டு வருஷம் போக்குவரத்துப் போலீஸில் கறுப்பு வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு வெயிலிலும் பனியிலும் சாலையில் நின்று ஊரில் உள்ள வேகக்காரனை எல்லாம் ஓரம்கட்டிய எர்காஷுக்கு, ஓய்வுபெற்று ஆறு வருஷம் கழித்து, வீடு தேடி வந்திருக்கிறது. கணவாயிலிருந்து தாஷ்கந்து பக்கம் இறங்கும் சாலை, எழுபதுக்கு மேல் போகக் கூடாத இடம், செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு என் வெள்ளைக் கார் நூற்றாறில் போயிருக்கிறது. கூடவே கேமரா எடுத்த போட்டோ. வண்டி நம்பர் பளிச்சென்று இருக்கிறது, ஆட்கள் மட்டும் மாவு சலித்த மாதிரி மங்கல். ஓட்டுகிறவன் தொப்பியை இழுத்துவிட்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு பெண், கறுப்புக் கண்ணாடி, தலையில் துணி, முகத்தைப் பாதி ஜன்னல் பக்கம் திருப்பியிருக்கிறாள். என் வண்டி அறுபதைத் தாண்டினால் எனக்கே மயக்கம் வரும் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தேதியில் நான் ஊரிலேயே இல்லை, சர்த்தோக் ஆரோக்கிய இல்லத்தில் முழங்காலை வெந்நீர்த் தொட்டியில் போட்டுக்கொண்டு கிடந்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆக, யாரோ என் வண்டியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பேய் மாதிரி ஓட்டியிருக்கிறார்கள், இந்த வீட்டில் யாரோ என்னிடம் பொய் சொல்கிறார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில், எவனோ என் நம்பரை எழுதி வேறு வண்டியில் மாட்டியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன், என் காலத்தில் அப்படி எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். பழைய ஆபீசுக்கே போனேன். அன்றைக்கு எனக்குத் தேநீர் வாங்கிவந்தவன் இன்றைக்குக் கேப்டன். அவன் போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, 'அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இது உங்க வண்டியேதான். முன்கண்ணாடியில தொங்குற கண்ணேறு மணிச்சரத்தப் பாருங்க, நடுவுல ஒண்ணு உடைஞ்சு நூல் தெரியுது. வீட்டுல கேளுங்கண்ணே' என்றான். அந்த மணியைக் கோத்தது உன் அம்மா, உடைத்தது நான். போட்டோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் யோசித்தேன். இருபத்தைந்தாம் தேதிதான் நான் ஊர் திரும்பிய நாள். ஆரோக்கிய இல்லத்தில் தங்க இருபத்தாறு வரைக்கும் அனுமதி இருந்தது, அங்கிருந்த டாக்டரம்மா என் தேநீரில் சர்க்கரை போடக் கூடாது என்று சொன்னதில் வாய்ச்சண்டையாகி ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் கார் இல்லை. பிரேக் பார்க்கத் தோல்கின் மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருக்கிறான் என்று உன் அம்மா சொன்னாள், நானும் பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். இருட்டிய பிறகு கொண்டுவந்து நிறுத்தினான், கார் கழுவித் துடைத்துக் கண்ணாடியாக மின்னியது. குடித்த கிண்ணத்தைக் கழுவாதவன் காரைக் கழுவியிருக்கிறான், அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? போகிற அவசரத்தில் கிலோமீட்டர் எண்ணைக் குறித்து வைக்காமல் போனேன், என் வாழ்நாளில் அந்த ஒருதரம்தான்.

தோல்கினை உட்காரவைத்துக் கேட்டேன். ஃப்ரெண்டோட அக்காவை ஏர்போர்ட்டில் விட்டேன் என்றான். எந்த ஃப்ரெண்ட், அக்கா பேர் என்ன, எந்த ஊருக்கு விமானம், எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் கேட்டேன். மூன்றாவது கேள்வியிலேயே திருட்டு முழி முழித்து, 'அப்பா, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? அபராதத்த நானே கட்டிடறேன், ஆள விடுங்க' என்று எழுந்து போய்விட்டான். பணத்தை யார் கேட்டார்கள்? எனக்கு அந்தப் பெண் யார் என்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு ரஹீம் இருக்கிறாரே, அவர் மகளும் இவனும் சுவரோரம் நின்று பேசுவதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நேராக ரஹீம் வீட்டுக்குப் போய், உன் மகள் இருபத்தைந்தாம் தேதி எங்கே இருந்தாள் என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதுதான் கவனித்தேன், கூடத்தில் அவளைப் பெண்பார்க்க வந்தவர்கள் ரொட்டி பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரஹீமின் மனைவி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, 'எர்காஷ் அண்ணே, உங்க வீட்டு ஓட்டையை அடைக்க எங்க வீட்டுச் சுவரையா இடிப்பீங்க?' என்றாள். இன்றுவரை அந்த வீட்டிலிருந்து ஒரு சலாம்கூட இல்லை. நல்லவேளை, வந்தவர்கள் எழுந்து போகவில்லை. இதையும் அந்த அபராதக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில் உன் அம்மா சனோபர் இருக்கிறாளே, அவள் பாட்டுக்கு வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். முப்பத்தோரு வருஷத்தில் என்னை ஒருநாள் திட்டாமல் இருந்தால் அவளுக்குத் தலைவலி வரும், இந்த இரண்டு வாரமாக ஒரு திட்டு இல்லை. கேட்காமலேயே சீமை மாதுளை போட்டு ஆட்டுக்கறி சமைக்கிறாள், என் காலுக்கு எண்ணெய் தடவுகிறாள். போட்டோவைக் காட்டினால், கண்ணாடியைத் தேடப் போகிறேன் என்று எழுந்து போனவள் திரும்பி வருவதில்லை. முழுப் பூசணிக்காயைப் புலாவில் மறைக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், பூசணிக்காய் எது என்றுதான் தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை உறையின் பின்பக்கம் எழுதிவைத்தேன், மொத்தம் பதினொன்று.

போன செவ்வாய்க்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். தீப்பெட்டி தேடிச் சமையலறைக்குள் போனேன். அங்கே அடுப்புக்கு மேலே ஆணியில் உன் ரொட்டி தொங்குகிறது, நாலு வருஷம் முன்னால் கொரியாவுக்குப் புறப்பட்ட காலையில் நீ ஒரு கடி கடித்துக் கொடுத்துவிட்டுப் போனது. ஊருக்குப் போனவர் திரும்பிவந்து மிச்சத்தைத் தின்னும்வரை யாரும் தொடக் கூடாது என்பதால் நானும் தினம் பார்ப்பதோடு சரி. சர்த்தோக்கிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் துணியை விலக்கிப் பார்த்தேன். பர்னோ, நாலு வருஷத்து ரொட்டி செங்கல் மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? விரலால் தட்டினேன், சத்தம் வேறு மாதிரி வந்தது. நடுவில் இன்னும் எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறது, எள் உதிரவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கடித்த இடத்தைப் பார்த்தேன். உன் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு அரிசி நுழையும் சந்து உண்டு, பழைய கடியில் அந்தச் சந்து ஒரு சின்ன மேடாக நிற்கும், உன் நினைவு வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், இது யாருக்கும் தெரியாது. இந்தக் கடியில் மேடு இல்லை. நேராக, வரிசையாக இருக்கிறது. போன வருஷம் அங்கே பல்லுக்குக் கம்பி போட்டுச் சரிசெய்துகொண்டேன் என்று நீ சொன்னபோது, இருக்கிற பல்லுக்கு என்ன கேடு என்று நான்தான் உன்னைக் கத்தினேன். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிய அந்த அரை முகத்தை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன், பதிமூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தும் தெரியவில்லை. ஊரான் பெண் என்று நினைத்து அல்லவா பார்த்தேன்.

உன் அம்மா சந்தையிலிருந்து வந்து, என் மடியில் ரொட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். ஆளை மறைத்தாள், வண்டியைக் கழுவவைத்தாள், பையனுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தாள், ஆனால் புறப்படுகிற பிள்ளையை ரொட்டி கடிக்காமல் வாசல் தாண்ட விட அவளுக்கு மனசு வரவில்லை. இந்த ஊரில் எந்தத் தாய்க்கும் வராது. நான் பதினொரு கேள்வியில் முதல் கேள்வியை எடுப்பதற்குள் அவளே கொட்டிவிட்டாள். 'ஆமா, வந்தா. ஆறு நாள் இருந்தா. விவாகரத்துக்குக் கோர்ட்டுல அவளே வந்து நின்னு கையெழுத்துப் போடணும்னாங்க, போட்டுட்டா, முடிஞ்சுபோச்சு. உங்ககிட்ட ஏன் சொல்லல தெரியுமா பர்னோ அப்பா? நீங்க அப்பனா கேக்க மாட்டீங்க, ரோட்டுல நிறுத்தி வச்சுக் கேக்குற மாதிரிதான் கேப்பீங்க. பேப்பர எடு, எங்கேருந்து வர்ற, ஏன் வர்ற. அப்புறம் தெருப் பெரியவங்களக் கூட்டி, ரெண்டு பக்கமும் பேசி, மூணாவது தடவையா அவள அங்கயே கொண்டுபோய் விட்ருவீங்க' என்றாள். பழைய ரொட்டி என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டேன். 'தேநீர்ல ஊறவச்சு அவளே தின்னா. கல்லு மாதிரி இருந்துச்சு, ஒரு துணுக்கு கீழ விடல' என்று சொல்லி தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகளே, நான் ஒன்றும் மறைக்கப்போவதில்லை, எனக்குக் கோபம் வந்தது. பெற்றவன் இருக்கிற வீட்டுக்கு அவன் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். பழக்கம் விடாது அல்லவா, அங்கேயும் கணக்குப் போட்டேன். கசாப்புக் கடைக்காரரின் மருமகன் சொல்கிறான், கொரியா விமானம் ராத்திரி பத்து மணிக்குத்தான். நூற்றாறில் போனவர்கள் மதியம் இரண்டுக்கெல்லாம் தாஷ்கந்து போயிருப்பீர்கள், அவன் உன்னை விட்டுவிட்டுத் திரும்பியிருப்பான், எட்டு மணி நேரம் நீ தனியாக அங்கே உட்கார்ந்திருப்பாய். பிறகு எதற்கு அந்த வேகம்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு நான் வீட்டுக்குப் போன் செய்தேன். டாக்டரம்மாவோடு சண்டை, பஸ் ஏறிவிட்டேன், பதினொரு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் கிண்ணம் உடையும் சத்தம்தான் கேட்டது. ஆக நீ விமானத்தைப் பிடிக்க ஓடவில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்து ஓடியிருக்கிறாய். அந்த நூற்றாறு எனக்காக ஓட்டிய வேகம்.

அந்த ஸீட்டில் இதற்கு முன்னால் நீ இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறாய். உன் புருஷன் ஜமால் உன்மேல் கை நீட்டிவிட்டான் என்று நீ இரவல் செருப்போடு வந்து நின்றாய், நீ என்ன செய்தாய் என்று உன்னைக் கேட்டேன். அவன் அப்பா என்னோடு சாலையில் நின்ற சிநேகிதன், நான் பேசி முடித்த சம்பந்தம், பெயர் கெடக் கூடாது என்றுதான் பார்த்தேன். இரண்டு தடவையும் நானே உன்னை ஏற்றிக்கொண்டு அந்திஜானுக்கு, அவன் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டேன். இரண்டாவது தடவை வழியில் நீ, 'அப்பா, இன்னும் கொஞ்சம் மெதுவாப் போங்களேன்' என்றாய். என் மகளுக்கு எவ்வளவு ஒழுங்கு, அறுபதே அதிகம் என்கிறாளே என்று நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டேன் பர்னோ! உள்ளதைச் சொல்கிறேன். எத்தனையோ டிரைவர்களின் முழியைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தே ஓட்டினேன். உன் இடது காது அன்றிலிருந்துதான் சரியாகக் கேட்பதில்லை என்று உன் அம்மா இப்போதுதான் சொன்னாள். போனை எப்போதும் வலது பக்கமே வைத்துக்கொள்கிறாயே, அதையும் நான் கவனித்திருக்கிறேன், அதற்குக்கூட வேறு என்னவோ காரணம் நினைத்தேன்.

அபராதத்தை அன்றைக்கே தோல்கினோடு போய்க் கட்டினேன், அவனை ஒன்றும் சொல்லவில்லை, கணவாய் இறக்கத்தில் நூற்றாறு போனதற்கு மட்டும் காதைத் திருகினேன், அது வேறு வழக்கு. சீட்டைக் கிழிக்கவில்லை. அந்தப் போட்டோவை வெட்டி என் பர்ஸில் வைத்திருக்கிறேன், நாலு வருஷத்தில் உன்னை இந்த ஊரில் பார்த்த ஒரே படம் என்னிடம் அதுதான். பதினொரு கேள்வி எழுதிய உறையை அடுப்பில் போட்டுவிட்டேன், உன் அம்மா சாட்சி. அது எரிந்து முடியும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்தாள், என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாளைக் காலையில் அந்திஜான் போகிறேன். உன் சீதனப் பெட்டியும் பதினெட்டு மெத்தையும் தையல் மிஷினும் இன்னும் அந்த வீட்டிலேயே கிடக்கின்றன. பெண்ணின் பெட்டியை அப்பனே போய்த் தூக்கிவந்தால் ஊருக்குத் தானாகத் தெரிந்துவிடும், பிறகு யாரும் சமாதானம் பேச என் வாசலுக்கு வரமாட்டார்கள். வரட்டும் பார்க்கிறேன். ஜமாலின் அப்பன் முகத்தில் எப்படி முழிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன், பிறகு அவன் அல்லவா யோசிக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பெரிய வண்டி பேசியிருக்கிறேன், டிரைவர் நல்லவன் என்கிறார்கள், பார்ப்போம். பெட்டி உன் அறையிலேயே இருக்கும். சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், நான் திறந்து பார்க்கமாட்டேன். நீ எப்போது வந்தாலும், தனியாக வந்தாலும், பகலோ ராத்திரியோ, ஏன் வந்தாய் என்று இந்த வாயால் கேட்கமாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன், அது கேள்வியில் சேராது.

ராத்திரியில் கடல் பக்கம் போகாதே, போனால் காதைத் துணியால் மூடிக்கொள். வைட்டமின் மாத்திரை அனுப்பாதே, நான் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா கோள் சொல்லியிருப்பாள், உண்மைதான். இந்தப் பையனிடம் உலர்ந்த வாதுமையும் ஒரு பொட்டலம் அக்ரூட்டும் கொடுத்திருக்கிறேன். இரண்டு கிலோ, குறைந்தால் எழுது. உன் பல் அழகாகத்தான் இருக்கிறது, ரொட்டியில் பார்த்தேன். அல்லாஹ் உன்னை எந்தக் கையும் நீளாத இடத்தில் வைத்துக் காப்பாற்றட்டும், உன் உழைப்பில் பரக்கத் தரட்டும், இந்த அப்பனுக்கு நேராகப் பார்க்கும் கண்ணைத் தரட்டும்.

இதை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. இப்போது சமையலறைக்குப் போய் ஆணியிலிருந்து உன் ரொட்டியை எடுத்து, நீ கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே நானும் ஒரு கடி கடித்தேன். மூன்று வாரத்து ரொட்டி, என் கடைவாய்ப் பல் ஆடிவிட்டது. 'என்ன கூத்து இது? அந்திஜானுக்குப் போய்ட்டுச் சாயங்காலம் வரப்போறவருக்கு எதுக்கு ரொட்டி?' என்று உன் அம்மா சிரித்தாள். பர்னோவை இரண்டு தடவை அங்கே விட்டுவிட்டு வந்தேனே, நான் இன்னும் அந்தப் பயணத்திலிருந்து வீடு திரும்பவில்லை சனோபர் என்று அவளிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன். ரொட்டியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன். அதில் இப்போது இரண்டு பேர் கடி இருக்கிறது. மிச்சத்தை நான் தனியாகத் தின்னமாட்டேன், நீ வந்ததும் தேநீரில் ஊறவைத்து இரண்டு பேரும் தின்போம். மெதுவாக வா, அறுபதில் வந்தால் போதும், நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
எர்காஷ்